முதலைக் குளத்தில் நின்ற ரயில்

பிரேம்குமார் வந்து கேட்டபோது மெரின் துணி மடித்துக்கொண்டிருந்தாள். புதுச்சேரி உப்பளத்தில் இருந்த அவள் அப்பா வீட்டுக் கூடம் முழுக்கப் பெட்டிகள் திறந்து கிடந்தன. ஒரு பெட்டியின் மேல் முழங்காலை ஊன்றி அதை மூடப் பார்த்துக்கொண்டிருந்த அமலநாதன் நிமிர்ந்து பார்த்தார். மகளும் மருமகனும் பிரிந்த பிறகும்கூட, அவனைக் கண்டால் "பொன்சுவார்" என்று பிரெஞ்சில் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார். அன்றைக்கு அதுவும் சொல்லவில்லை.

"சஃபாரிக்கா? இன்னைக்கா?" என்றாள் மெரின். "ராத்திரி கெளம்புறோம் பிரேம்."

"தெரியும். அபி ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கா. சாயங்காலம் லைட்டு போட்டதுக்கப்புறம் பாத்தாதான் நல்லா இருக்குமாம், அவ கிளாஸ் புள்ளைங்க சொல்லியிருக்காங்க. போயிட்டு உடனே வந்துடறோம்."

மெரின் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை இதே வாசலில் நின்று பிரேம்குமார் கத்தியிருந்தான். "எம்பொண்ண எங்கியும் அனுப்ப மாட்டேன். எப்பிடிக் கூட்டிட்டுப் போறீங்கன்னு பாக்கறேன்" என்று அவன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். மறுநாள் காலையிலேயே வந்து மன்னிப்புக் கேட்டான். கோபத்தில் சொன்னது, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றான். மெரின் சரி என்றாள். ஆனால் சொன்ன சொல் அந்த வீட்டுக்குள் எங்கேயோ கிடந்தது.

அமலநாதன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வழியில் மெரினுக்கும் அவள் மகள் அபிக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. பாரிசுக்குப் பக்கத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் மெரினுக்கு வேலை இருப்பதாக அவள் அண்ணன் போன் செய்தான். இரண்டே மாதத்தில் எல்லாம் நடந்து முடிந்தது. குழந்தை அம்மாவிடம் இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பார்க்கலாம் என்று கோர்ட் சொல்லி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பிரேம்குமாரின் வக்கீல், "ஆட்சேபனை சொல்றதுன்னா இப்ப சொல்லலாம். ஆனா என்னா காரணம் சொல்லப்போறீங்க?" என்று கேட்டார். அவனுக்கு விழுப்புரம் சாலையில் டயர் கடையில் வேலை. ரெட்டியார்பாளையத்தில் ஒற்றை அறை வாடகை வீடு. பிரான்சில் நல்ல பள்ளிக்கூடம், நல்ல ஆஸ்பத்திரி. அபியிடமே கேட்டபோது, "அங்க பனி பெய்யுமாம்ப்பா" என்று கண்ணை விரித்தாள். அவனுக்குச் சொல்வதற்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

"சரி" என்றாள் மெரின் கடைசியில். "ஆனா திரும்பி வரும்போது இருட்டுல ஸ்கூட்டர்ல கூட்டிட்டு வராத. ஏழு மணிக்கு நாங்க காரோட பார்க்கு கேட்டுக்கு வந்துடறோம்."

இருட்டுக்காக மட்டும் அவள் அப்படிச் சொல்லவில்லை என்று அவனுக்குப் புரிந்தது. தலையை ஆட்டினான். அபி அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரின் முன்னால் ஏறி நின்றுவிட்டாள்.

அது 2006 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். அரியாங்குப்பத்துப் பாலத்தில் ஒரு கரும்பு லாரி நின்றுபோய் வண்டிகள் ஊர்ந்தன. அபிக்கு எட்டு வயது. ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வேண்டிய உயரத்தைத் தாண்டியிருந்தாள். அவள் தலை அவன் தாடையில் இடித்தது. சாலை தெரிவதற்கு அவன் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே ஓட்டினான். பின்னால் உட்காரச் சொல்ல மனம் வரவில்லை.

கடலூர் சாலையில் இருந்த அந்தப் பூங்காவுக்கு 'வனராஜா பார்க்' என்று பெயர். வாசலில் வாயைத் திறந்துகொண்டு நின்ற பெரிய சிங்கத்தின் வாய்க்குள் புகுந்துதான் உள்ளே போக வேண்டும் என்பதால் எல்லோரும் சிங்கம் பார்க் என்றே சொன்னார்கள். பொங்கல் கூட்டம் வடிந்து போயிருந்தது. ராட்டினத்தில் இரண்டு மூன்று பேர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அபி ஊஞ்சல் படகில் ஏறினாள், மோதும் காரில் ஏறினாள், பஞ்சு மிட்டாய் கேட்டாள். கேட்டதையெல்லாம் பிரேம்குமார் வாங்கித் தந்தான். என்னென்னவோ பேச வேண்டும் என்று அவன் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தான். ஆனால் அவள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே இருந்தாள். அவனும் பின்னால் ஓடினான்.

சஃபாரி ரயில் பூங்காவின் பின்கோடியில் இருந்தது. இருட்டத் தொடங்கிய பிறகுதான் அதை விடுவார்கள். மின்சாரத்தில் ஓடும் குட்டி ரயில். பக்கங்கள் திறந்த நாலு பெட்டிகள். செயற்கைக் காட்டுக்குள் புகுந்து, யானைக் கூட்டம், குகை, அருவி, முதலைக் குளம் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்.

பிரேம்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ரயிலு வுடறதுக்குள்ள அம்மா வந்துடுமே அபி."

"கொஞ்ச நேரந்தான்ப்பா ஓடும். அந்தா ஏறுறாங்க பாரு."

டிக்கெட் கிழித்தவனிடம் கேட்டான். கால் மணி நேரத்தில் திரும்பிவிடும் என்றான் அவன். "அருவிகிட்ட தண்ணி அடிக்கும் சார். செல்லு, கேமரா எல்லாம் இங்க குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்குங்க."

செல்போனைக் கொடுப்பதற்கு முன்னால் மெரினுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று நினைத்தான். ஏழு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. சொன்னால், வேண்டாம், உடனே வெளியே வா என்றுதான் சொல்வாள். அபி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். போனைக் கொடுத்துவிட்டு ஏறினான்.

அவர்களைத் தவிர ஒரே ஒரு குடும்பம்தான் ரயிலில் இருந்தது. பாகூர் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி, அவள் புருஷன், மடியில் ஒரு கைக்குழந்தை. பெண்ணின் பெயர் அன்னக்கிளி என்பது அவள் புருஷன் கூப்பிட்டதில் தெரிந்தது. என்ஜின் மாதிரி செய்திருந்த முன்பெட்டியில் தொப்பி போட்ட ஓட்டுநர் ஏறி விசில் ஊதினார்.

காட்டுக்குள் நுழைந்ததும் பச்சையும் நீலமுமாக விளக்குகள் எரிந்தன. ஒலிபெருக்கியில் எங்கிருந்தோ குரங்குகள் கத்தின. மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு புலி தலையை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பியது. அதன் கழுத்தில் மோட்டார் உராயும் சத்தம் கேட்டது. அபி எழுந்து நின்றாள். யானை தும்பிக்கையைத் தூக்கித் தண்ணீரை அவர்கள் மேல் பீய்ச்சியதும் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, நல்லவேளை கூட்டிக்கொண்டு வந்தோம் என்று பிரேம்குமாருக்கு இருந்தது. அன்றைக்கு அவன் அப்படி நினைத்தது அந்த ஒரு தடவைதான்.

குகையைத் தாண்டி முதலைக் குளத்தின் வளைவில் திரும்பும்போது எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்தன. ரயில் கொஞ்ச தூரம் தானாக உருண்டு நின்றது. குரங்குச் சத்தம் பாதியில் அறுந்தது. தண்ணீரில் வாயைத் திறந்த ஒரு முதலை, திறந்த வாயோடே நின்றுவிட்டது.

"கரண்ட் பூட்ச்சி" என்றான் அன்னக்கிளியின் புருஷன்.

ஓட்டுநர் டார்ச்சைப் போட்டுக்கொண்டு பெட்டிகளின் பக்கமாக வந்தார். தன் பெயர் பலராமன் என்றும், பயப்பட ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். "ஜெனரேட்டர் இருக்குது. இப்பப் போட்டுடுவாங்க. யாரும் எறங்கிடாதீங்க. ரெண்டு பக்கமும் தண்ணி. உள்ள ஒயரு ஓடுது."

ஜெனரேட்டர் போடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த முந்திரித் தோப்பிலிருந்து கொசு வந்தது. பலராமன் இடுப்பில் இருந்த வாக்கி டாக்கியை எடுத்து இரண்டு முறை தட்டிப் பார்த்தார். அது கரகரவென்று இரைந்துவிட்டு அடங்கியது.

"அண்ணே, எனக்கு ஏழு மணிக்கு கேட்டுல இருந்தாவணும்" என்றான் பிரேம்குமார். "கொழந்தையோட அம்மா வந்து நிப்பாங்க. ராத்திரி ஃபிளைட்டு அவங்களுக்கு. கொஞ்சம் தகவல் சொல்ல முடியுமா?"

"நான் போயி என்னான்னு பாத்துட்டு வரேன் சார். அப்பிடியே சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு பலராமன் தண்டவாளத்தின் மேலேயே டார்ச்சை அடித்துக்கொண்டு நடந்தார். வெளிச்சம் குகைக்குள் புகுந்து மறைந்தது. அதற்குப் பிறகு அவர் திரும்பி வரவே இல்லை.

ஏழு மணி தாண்டியது. கடிகாரத்தின் முள் லேசாகப் பளபளத்ததில் அது தெரிந்தது. மெரின் இப்போது கேட்டில் நின்று போன் அடித்துக்கொண்டிருப்பாள். போன் டிக்கெட் கவுன்ட்டர் மேசை இழுப்பறையில் கிடந்து அடிக்கும். அவன் எடுக்காத ஒவ்வொரு தடவையும் அவளுக்கு என்ன தோன்றும் என்பது அவனுக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை அவன் வாயால் சொன்னதுதான் தோன்றும்.

எழுந்து அன்னக்கிளியிடம் போனான். "யக்கா, எம்பொண்ணக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா? நான் தண்டவாளத்து மேலயே போயி சொல்லிட்டு வந்துடறேன்."

"நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள் அவள்.

அவன் ஒரு காலைக் கீழே வைத்தான். அதற்குள் அபி அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துவிட்டாள். அதுவரை தைரியமாக உட்கார்ந்திருந்தவள்தான். இப்போது பிடித்த பிடியை விடவில்லை. "நீ போவாத. போவாதப்பா. நானும் வரேன்."

"நீ வரக்கூடாதும்மா, தண்ணிக்குள்ள ஒயர் இருக்குதாம். நான் மட்டும் ஓடிப்போயி..."

"அப்ப உனக்கு மட்டும் ஷாக் அடிக்காதா?"

அவளைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று யோசித்தான். குறுக்குக் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி பெரிதாக இருந்தது. அடியில் தண்ணீர் தெரிந்தது. ஒரு அடி எடுத்து வைத்துப் பார்த்தான். கட்டை பாசி பிடித்து வழுக்கியது. அபியின் காலில் இருந்து ஒரு செருப்பு நழுவி விழுந்து தண்ணீரில் சத்தம் கேட்டது. அவன் திரும்பி ஏறி உட்கார்ந்தான். தொண்டை கிழியக் கத்திப் பார்த்தான். "யாராவது இருக்கீங்களா? இங்க ஆளுங்க இருக்கோம்." அன்னக்கிளியின் புருஷனும் சேர்ந்து கத்தினான். தூரத்தில், சாலையில் பஸ் ஹாரன் அடித்தது. வேறு பதில் இல்லை. கத்தலில் கைக்குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது.

கொஞ்ச நேரம் கழித்து அபி அவன் காதில், "ஒண்ணுக்கு வருது" என்றாள்.

"அடக்கிக்க முடியுமாம்மா?"

"அப்பவே அடக்கிட்டேன்."

இதற்கு என்ன செய்வதென்றும் அவனுக்குத் தெரியவில்லை. தண்ணீருக்கு நடுவில் ஒரு பொம்மை ரயில். பக்கத்துப் பெட்டியில் முகம் தெரியாத ஓர் ஆள். அவன் தயங்கித் தயங்கி அன்னக்கிளியைக் கூப்பிட்டான். அவள் குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு வந்தாள். "இதுக்கு என்னா, வாம்மா" என்று கடைசிப் பெட்டிக்கு அபியை அழைத்துப்போய், முந்தானையை விரித்து மறைத்துப் பிடித்தாள். பிரேம்குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டு முதலையைப் பார்த்தபடி நின்றான். திரும்பி வந்தபோது அபியின் கவுன் நனைந்திருந்தது. அவள் அழவில்லை. ஆனால் அவன் மடியில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்தாள்.

"பரவாயில்லம்மா, யாருக்கும் தெரியாது."

"அம்மா திட்டும். இதப் போட்டுக்கிட்டுத்தான் ஃபிளைட்டுல போறதா இருந்துச்சி."

அவன் கைக்குட்டையை எடுத்து அவள் காலைத் துடைத்தான். ஒரு காலில் செருப்பு இல்லை. பாதம் சில்லென்று இருந்தது. அதைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். இவ்வளவு நேரம் அவளோடு சும்மா உட்கார்ந்திருக்கக் கிடைத்து எவ்வளவோ நாளாகிவிட்டது. வழியில் யோசித்து வைத்ததையெல்லாம் இப்போது சொல்லலாம். ஒன்றுமே ஞாபகத்துக்கு வரவில்லை. கேட்டில் என்ன நடக்கிறதோ என்பதைத் தவிர மனதில் எதுவும் இல்லை.

"அங்கப் போயி நல்லாப் படிக்கணும்" என்றான்.

"ம்."

"நான் விசா வாங்கிட்டு வந்து பாப்பேன். அடுத்த லீவுக்கு."

அபி இருட்டில் அவன் முகத்தைப் பார்த்தாள். "அம்மா சொல்லிச்சி, உனக்கு விசா குடுக்க மாட்டாங்களாம். வரதுக்கு ரொம்ப செலவாகுமாம். நான்தான் பெரியவளாகி வந்து பாக்கணுமாம்."

மெரின் பொய் சொல்கிற ஆள் இல்லை. குழந்தையிடமும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள். இத்தனை வாரமாக அவன்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அடுத்த லீவுக்கு வருவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அபியும் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ வரேன்னே சொல்லுப்பா" என்றாள் அபி. "எனக்கு ஒண்ணும் இல்ல."

அதன்பின் அவள் மெல்ல அவன் பக்கம் நகர்ந்து வந்து கையில் சாய்ந்துகொண்டாள். அன்னக்கிளி குழந்தைக்குத் தாலாட்டு மாதிரி எதையோ முணுமுணுத்தாள். பிரேம்குமார் கொசுவை விரட்டிக்கொண்டே இருந்தான்.

எல்லாம் ஒரே நொடியில் திரும்பி வந்தது. விளக்குகள் எரிந்தன. குரங்குகள் விட்ட இடத்திலிருந்து கத்தின. முதலை படாரென்று வாயை மூடியது. அபி தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். ரயில் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. ஓட்ட ஆள் இல்லாமலே, மேடையில் இருந்து யாரோ பொத்தானை அழுத்தியதில், அது மெல்ல வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மேடையில் மெரின் நின்றிருந்தாள். பக்கத்தில் அமலநாதன். அவருக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர்.

ரயில் நிற்பதற்கு முன்பே போலீஸ்காரர் இறங்கு படிக்கு வந்து பிரேம்குமாரின் சட்டைக் காலரைப் பிடித்தார். "எங்கய்யா ஒளிச்சி வெச்சிருந்த கொழந்தைய? எறங்கு."

"சார், கரண்ட் போயி உள்ளயே நின்னுடுச்சி சார்..."

"எறங்குன்றேன்ல."

அவன் இறங்குவதற்குள் அவர் இழுத்ததில் சட்டையின் மேல் பொத்தான் தெறித்தது. அபி போலீஸ்காரரையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, ஒரு கால் செருப்போடு ரயிலிலேயே நின்றாள். மெரின் ஓடிப்போய் அவளை வாரித் தூக்கினாள். எட்டு வயதுப் பெண்ணை, கனம் தெரியாமல், இடுப்பில் ஏற்றி அணைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் அழுதிருக்கிறாள் என்று பிரேம்குமார் பார்த்தான். முகம் வீங்கியிருந்தது.

அன்னக்கிளி கைக்குழந்தையோடு இறங்கி நேரே போலீஸ்காரரிடம் வந்தாள். "ஏன்யா அந்த ஆளப் புடிக்கிற? வெளக்கு போனதுலேந்து எங்க கூடத்தான குந்திங்கினு இருந்தாரு. கத்திக் கத்திப் பாத்தோம், ஒரு நாதி வரல. எங்களையும் புடிச்சிக்கினு போ."

போலீஸ்காரர் கையை எடுத்தார். விஷயம் தெரிய அதிக நேரம் ஆகவில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாமல் பலராமனையே வாங்கிவர அனுப்பியிருக்கிறார்கள். அவர் மேலாளரிடம் உள்ளே ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மேலாளர் கேட்டுக்குச் சொல்லவில்லை. கேட்டில் ஆறரைக்கு மாறி வந்த காவலாளி, மெரின் கேட்டதற்கு, கரண்ட் போனதும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டோம் என்று சொல்லியிருக்கிறான். ஓர் ஆள் சின்னப் பெண்ணை முன்னால் நிறுத்திக்கொண்டு ஸ்கூட்டரில் கடலூர்ப் பக்கமாகப் போனதைப் பார்த்தேன் என்றும் சொல்லியிருக்கிறான். அது யாரோ. மெரின் போன் அடித்தாள். எடுக்கவில்லை. அமலநாதன் சாலையில் இருந்த போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஸ்கூட்டர் பூங்காவுக்குள்ளேயே நிற்பதை அப்புறம்தான் யாரோ கண்டுபிடித்தார்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை. மேலாளர் மட்டும், இந்த மாதிரி எப்போதும் நடந்ததில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எனக்கு என்னா தோணும், நீயே சொல்லு" என்றாள் மெரின். குரல் தாழ்ந்திருந்தது. "நீ அன்னைக்கு அப்பிடிச் சொன்னியே."

"ஆமா."

"கடவுளே, எங்கியாவது கொண்டுபோயிட்டானேன்னு..." அவள் அபியின் கவுனைத் தொட்டுப் பார்த்தாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மணி ஆயிடுச்சி பிரேம். வீட்டுக்கு வா. வண்டி அங்கேந்துதான் கெளம்புது. வந்து அனுப்பிட்டுப் போ."

கார் முன்னால் போனது. பிரேம்குமார் ஸ்கூட்டரில் பின்னால் போனான். காரின் பின்கண்ணாடியில் அபி திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தான். அவள் தலை தெரியவில்லை. அம்மா மடியில் படுத்திருப்பாள் போலிருந்தது. பாலம் வரை காரின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போனான். அதற்கப்புறம் இரண்டு பஸ்கள் குறுக்கே வந்தன.

அவன் உப்பளம் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசல் நிறைய செருப்புகள் கிடந்தன. வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் செபமாலை சொல்லி முடித்துவிட்டு நின்றிருந்தார்கள். அவன் குழந்தையைக் கொண்டுபோய்விட்டான் என்ற முதல் செய்தி மட்டும் அவர்களுக்கெல்லாம் எப்படியோ வந்து சேர்ந்திருந்தது, இரண்டாவது செய்தி முழுதாக வரவில்லை. அவனைக் கண்டதும் ஒருவர் விலகி வழிவிட்டார். அவன் உள்ளே போகாமல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றான். பொத்தான் இல்லாத சட்டையை ஒரு கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டான்.

அபியைக் குளிக்க வைத்து வேறு உடை போட்டிருந்தார்கள். காலில் புது ஷூ. தலை ஈரமாக இருந்தது. அவள் படிக்கட்டில் நின்று, உறவுக்காரப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "முதல அப்பிடியே வாயத் தொறந்துக்கிட்டே நின்னுடுச்சி. நாங்க இருட்டுல அதும் பக்கத்துலயே. ஒரு ஆன்ட்டி பாட்டுப் பாடுனாங்க. அப்பறம் போலீஸ் வந்துச்சி." பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அவள் குரலில் பயம் எதுவும் மிச்சம் இல்லை.

பெட்டிகள் ஏறின. மெரின் எல்லோரையும் கட்டிப்பிடித்துவிட்டு வந்தாள். பிரேம்குமாரிடம் வந்ததும் நின்றாள். "போன் பண்றேன். அவளப் பேச வெக்கறேன்" என்றாள். அவன் சரி என்றான். அபி ஓடி வந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவன் குனிவதற்குள், "அந்தப் பையன் ஜன்னல் சீட்டப் புடிச்சிடுவான்ப்பா" என்று சொல்லிவிட்டு ஓடினாள். விமான நிலையம் வரை கூடப் போகும் உறவுக்காரர்கள் அடித்துப்பிடித்து ஏறியதில் காரில் இடம் நிறைந்துவிட்டது. அமலநாதனுக்கு இடம் இல்லை. "நான் வந்து என்னா பண்ணப்போறேன், நீங்க போங்க" என்று அவரே கதவைச் சாத்தினார்.

கார் திரும்பும்போது அபி எந்த ஜன்னலில் இருக்கிறாள் என்று தெரியவில்லை. பிரேம்குமார் பொதுவாகக் கையை ஆட்டினான்.

வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அவனும் ஸ்கூட்டரை எடுக்கப் போனான். மெரினின் அம்மா புஷ்பமேரி வாசலில் நின்று, "சாப்பாடு நெறைய மீந்துபோச்சி. சாப்புட்டுட்டுப் போப்பா" என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தான். சொல்வதற்குத் தெம்பு இல்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்தான். பெட்டிகள் இருந்த இடமெல்லாம் இப்போது காலியாக இருந்தது. தரையில் ஒரு நீளமான டேப் துண்டு ஒட்டிக் கிடந்தது.

அமலநாதன் எதிரில் வந்து உட்கார்ந்தார். புஷ்பமேரி இரண்டு பேருக்கும் பிரியாணி வைத்தார். கொஞ்ச நேரம் இருவரும் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டார்கள்.

"நான்தான் போலீஸக் கூப்புட்டேன்" என்றார் அமலநாதன்.

"தெரியும்."

"பத்து நிமிஷம் பொறுத்திருக்கலாம்."

"நான் உங்க எடத்துல இருந்தாலும் கூப்ட்டிருப்பேன்."

பெரியவர் தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பையனும் அங்கதான். இப்ப இவளும் போயிட்டா. போவாதன்னு நானும் சொல்லல. என்னான்னு சொல்றது."

பிரேம்குமார் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினான்.

"உள்ள என்னாதான் இருக்குது அந்த ரயில்ல?" என்று கேட்டார் அமலநாதன்.

பிரேம்குமார் சொல்ல ஆரம்பித்தான். புலி, யானை, அருவி. யானை தண்ணீர் அடித்தபோது அபி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தது வரை வந்தான். அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. சோற்றில் கை வைத்தபடியே இருந்தான். புஷ்பமேரி சமையலறையிலிருந்து, "கறி இன்னும் கொஞ்சம் வெக்கவா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அவரே கொண்டுவந்து வைத்தார்.